எவர்சில்வர் தட்டும் என் உத்தியோகமும்

பள்ளிக்கூட லேபில் வேலை பார்க்கிறவனுக்குப் பாத்திரம் துலக்கத் தெரிந்தால் போதும், பாக்கியெல்லாம் தானாக வந்துவிடும். லேபில் காலம் தள்ளிய நம்ம கூட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்போது என் உத்தியோகம் டெம்பரவரி. தண்ணீருக்குள் கரண்ட் விட்டு வாயுவைப் பிரிக்கும் சோதனையை இன்ஸ்பெக்டர் முன்னால் செய்து காட்ட வேண்டும். சரியாக வந்தால் வேலை நிரந்தரம், கோட்டை விட்டால் சொந்த ஊரான கொடும்பாளூருக்கே மூட்டை கட்டலாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார்.

தகடு கிடைத்த விதம்

யுத்த காலம். தண்ணீருக்குள் கரண்டை இறக்க இரண்டு பிளாட்டினத் தகடு கேட்டுக் கடிதம் போட்டால் பதிலே கிடையாது. துருப்பிடிக்காத சாமான் என்று என் வீட்டில் இருந்தது ஒரே ஒரு எவர்சில்வர் தட்டு, மச்சான் ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. நான் சாப்பிடுகிற தட்டே அதுதான்; அதை வெட்டுவதை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மனைவியிடம் கேட்டே விட்டேன். அவள் தட்டைக் கழுவித் துடைத்து என் கையில் வைத்தாள்.

"இனிமே ஒங்களுக்கு எலைதான்."

பட்டறைக்காரர் மானம்

தகரப் பட்டறை காதர் பாயிடம், தட்டை இரண்டு தகடாக வெட்டி, உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்துத் தரச் சொன்னேன். வழவழப்பாக இருந்தால் குமிழி ஒழுங்காக வராது. மறுநாள் போனால், மனுஷர் முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கி வைத்திருக்கிறார்! வந்த ஆத்திரத்தில் அங்கேயே உட்கார்ந்து நானே குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தேன். பாய் அதைப் பார்க்கச் சகிக்காமல் அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"இது என் பட்டறையில செஞ்சதுன்னு மட்டும் எங்கயும் சொல்லிராதீங்க."

கருப்பையாவின் பக்தி

தேய்த்த தகட்டில் விரல்கூடப் படக்கூடாது, கை எண்ணெயே ஆகாது. சோடா போட்டுக் கழுவி, காகிதத்தில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டுப் பூசை விடுமுறைக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் வருகிற காலையில் பீரோவைத் திறந்தேன். பியூன் கருப்பையா ஆயுத பூசைக்கு இரண்டு தகட்டிலும் நல்லெண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கிறான். திட்டக்கூட நேரமில்லை. சாம்பல், சோடா, உப்புத்தாள் என்று கை எரியத் தேய்த்தேன்.

கரண்ட் விட்டும் ஒரு குமிழிகூட வரவில்லை. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் லூசாகக் கிடந்த பாட்டரி வயரை முறுக்கிவிட்டேன். பொலபொலவென்று குமிழி கிளம்பியது! சேர்ந்த வாயுவில் தீக்குச்சியைக் காட்ட, 'டப்' என்றது. அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கருப்பையா என் காதோரம் வந்தான்.

"பொட்டு வைக்காம இருந்திருந்தா இது நடந்திருக்குமா சார்?"

அன்றைக்கு என் வேலை நிரந்தரமாயிற்று. வீட்டில் எனக்கு இலையும் நிரந்தரமாயிற்று.