லேடாங் மலையில் மீராசா திரும்பிய இடம்

முந்தாநாள் தேக்கா மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆளை எனக்குத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரிகிறது. சிராங்கூன் ரோட்டில் என்னைத் தெரியாதவர் யார்?

"அண்ணே, லேடாங் மலைக்குப் போயிட்டு வந்தீங்களாமே. இந்த வயசுல பெரிய விஷயம்ணே. உச்சியில நின்னு பாத்தா எப்பிடி இருந்துச்சு?"

வழக்கமாக இப்படி யாராவது கேட்டால் நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அவருக்கும் ஒரு கோப்பி சொல்லி, ஆதியிலிருந்து ஆரம்பிப்பேன். அன்று, "அதை மீராசாகிட்ட கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

ஆச்சரியமாக இருக்கிறதா? எனக்கே ஆச்சரியம்தான். இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — இதில் நான் புகழ்வது பெரும்பாலும் ஒரே ஆளைத்தான். அந்த ஆள் நான். அதில் என்ன தப்பு? வெறும் கையோடு கப்பலிலிருந்து இறங்கினேன். அடுத்தவன் மாட்டுக்குப் புல் அறுத்தேன். இன்று இந்த ரோட்டில் போகிற மாட்டு வண்டியைக் கைகாட்டி யாருடையது என்று கேளுங்கள், பாதிக்கு என் பெயர்தான் வரும். பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது ஒரு மழைக்காலம். மழை விட்டதும் வெளியே வந்துவிட்டேன். எல்லாவற்றையும் நானே செய்துகொண்டவன், புகழ்வதற்கு மட்டும் ஆள் தேடுவேனா?

ஆனால் இந்த வாரம் மீராசாவுக்கு.

மீராசா ராவுத்தர் என் சிநேகிதன். தெலுக் ஆயர் பக்கம் கப்பல் கயிறு விற்கிற கடை வைத்திருக்கிறான். நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மச்சான். ஒல்லியான ஆள். நான் பேசுவதில் கால்வாசிகூடப் பேச மாட்டான். அதனால்தான் இத்தனை காலம் சிநேகம் நிலைத்திருக்கிறது.

கொஞ்ச காலமாக அவன் நடை மாறியிருந்தது. வண்டி வாடகைக்கு விடுகிற என் கடைக்குள் நுழையும்போது கதவில் தோளை இடிப்பான். பக்கத்தில் வைத்த கோப்பியைத் தட்டிவிடுவான். ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"என்ன மச்சான், காலையிலயே கள்ளா? ஊரெல்லாம் தொழுகைக்குப் போற ஆளுன்னு சொல்லுது."

"குடிச்சவனுக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியும் மச்சான். எனக்கு ஒண்ணு அரையாத்தான் தெரியுது."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"மூங்கில் குழாய்ல கண்ணை வச்சுப் பாக்கற மாதிரி இருக்கு. நேரா இருக்கறது தெரியுது. சுத்தி எல்லாம் இருட்டு. குழாய் வரவரச் சின்னதாவுது. இது வெட்டி எடுக்கற புரை இல்லையாம். ஒருநாள் குழாயே மூடிக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவன் பக்கம் இருந்த கோப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவனே தொடர்ந்தான். "அதுக்கு முன்னால ஒண்ணு பாக்கணும். நாகப்பட்டினத்துலேர்ந்து வந்தப்ப கப்பல் அடித்தட்டுல கிடந்தேன். வாந்தி எடுத்தே வந்து சேந்தேன். கடலைப் பாக்கவே இல்ல. அந்தக் கடலை வச்சுத்தான் இத்தனை வருஷமா கயிறு வித்துச் சாப்பிடறேன். லேடாங் உச்சியில நின்னா மூவாரு, மலாக்கா, அந்தக் கடலு எல்லாம் ஒரே பார்வையில தெரியுமாம். கப்பல்காரங்க சொல்றாங்க."

"இங்க கடற்கரைக்குப் போய்ப் பாரேன். கடல் இல்லையா இங்க?"

"இங்க நின்னா என் குழாய்க்குள்ள ஒரு தோணிதான் அடங்கும் மச்சான். அவ்வளவு உசரத்துல, அவ்வளவு தூரத்துல நின்னா... முழுசும் அடங்கும்ல?"

கயிறு விற்கிறவன் கணக்கைப் பாருங்கள். இப்படி ஒரு யோசனை எனக்கு வந்திருக்குமா? கண் போகப் போகிறது என்றால் நான் படுத்துவிடுவேன். அல்லது ஊரைக் கூட்டி அழுவேன். இவன் ஓட்டை சின்னதாகிறதா, சரி, தூரமாகப் போய் நின்று பார்க்கலாம் என்கிறான்.

"தனியாவா போவே?"

"நீதான் வருவியே."

கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

ஸ்டீமர் ஏறி மூவார் போனோம். பாக் உசேன் என்று ஒரு மலாய்க்காரர் வழிகாட்டி, சுமை தூக்க அவருடைய ஆட்கள் இருவர். என் ஆளாக வண்டிக்காரப் பொன்னன். மாட்டையும் ஓட்டுவான், சோறும் ஆக்குவான். நான் சும்மா போவேனா? அரிசி, பருப்பு, புளி, கருவாடு, கூடவே அம்மியும் குழவியும். உச்சியில் நின்று உடுத்த ஜரிகைக் கரை போட்ட எட்டு முழ வேட்டி தனி மூட்டை. அம்மியைப் பார்த்து பாக் உசேன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இத்தனை வெள்ளைக்காரங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். கல்லு நெறைய இருக்கற மலைக்குக் கல்லு தூக்கிட்டு வந்தவங்க நீங்கதான்" என்று மலாயில் சொன்னார்.

"அரைச்ச மசாலா இல்லாத குழம்பை வெள்ளைக்காரன் சாப்பிடுவான். நான் சாப்பிட மாட்டேன்" என்றேன்.

ஆற்றங்கரையை விட்டதும் நடைதான். முதலில் வெற்றிலையோடு மெல்லுகிற கம்பிர் விளையும் தோட்டம், மிளகுக் கொடி. அப்புறம் புதிதாக நட்ட ரப்பர்க் கன்றுகள். அப்புறம் காடு. அது என்ன காடு... பகலிலேயே சாயங்காலம் போல இருக்கிறது. மேலே குரங்கு கத்துகிறது, கீழே இலைக்கு இலை அட்டை எழுந்து நின்று கும்பிடுகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் காலில் அப்பிக்கொண்டு நடந்தோம். மூடி போட்ட செம்பு மாதிரி ஒரு கொடி பார்த்தேன். இலை நுனியில் செம்பு, செம்புக்குள் தண்ணீர், தண்ணீரில் செத்த பூச்சி. ஈயைப் பிடித்துத் தின்கிற செடியாம். நானும் எத்தனையோ வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி அசையாமல் உட்கார்ந்து சம்பாதிக்கிறவனைப் பார்த்ததில்லை.

மீராசாவுக்கு இதில் எதுவும் தெரியாது. நேராகப் பார்த்தால் கால் தெரியாது, காலைப் பார்த்தால் முன்னால் இருக்கிற மரம் தெரியாது. அதனால் தன் கடைக் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையைப் பொன்னன் இடுப்பிலும் மறு முனையைத் தன் இடுப்பிலும் தானே முடிந்துகொண்டான். கயிறு மேலே இழுத்தால் கால் தூக்குவான். தொய்ந்தால் நிற்பான். வேரும் பாறையும் வழுக்கும் பாசியுமாக அந்தக் காடு முழுவதும் அப்படியே நடந்தான். விழுந்தான். எழுந்தான். ஒரு தடவை முழங்கால் கிழிந்து ரத்தம். "என்ன மச்சான்?" என்று கேட்டால், "மலை இருக்கான்னு தொட்டுப் பாத்தேன்" என்கிறான்.

கண் நன்றாகத் தெரிகிற நான் எத்தனை தடவை உட்கார்ந்தேன் என்று சொல்ல மாட்டேன். மாடு கூட இளைப்பாறும்.

படாங் பத்து என்று ஒரு பாறைவெளி. அங்கே கூடாரம் அடித்துத் தங்கினோம். பொன்னன் அம்மியில் மிளகாய் அரைத்த வாசம் மலை முழுக்கப் போயிருக்கும். கருவாட்டுக் குழம்பைப் பாக் உசேனே இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அம்மியைப் பற்றி அப்புறம் அவர் வாய் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஏறினோம். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. "இப்படி ஒரு நாள் கிடைப்பது அபூர்வம். இன்று கடல் தெளிவாகத் தெரியும்" என்று பாக் உசேன் திரும்பத் திரும்பச் சொன்னார். மீராசாவின் வேகம் கூடியிருந்தது. கயிறு தொய்ந்தே இருந்தது, பொன்னன் காலை இவன் மிதிக்காத குறை.

மரம் குட்டையாகி, வெறும் பாறைச் சரிவு வந்தது. அதற்கு மேல் ஒரு பெரிய பாறை. அதைச் சுற்றிப் போனால் உச்சி. காற்றில் உப்பு வாசம் வருவது போல எனக்கே தோன்றியது.

அங்கேதான் பொன்னன் கால் வழுக்கியது.

சரிவில் அவன் மீராசாவைத் தாண்டிக் கீழே போனான். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், எட்டிப் பிடிக்கக்கூடக் கை வரவில்லை. மீராசாவுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒன்றும் தெரிந்திருக்காது. கயிறு மட்டும்தான் சொல்லியிருக்கும். அப்படியே குந்தி உட்கார்ந்து, பாறை இடுக்கில் கையில் அகப்பட்ட வேரை மார்போடு கட்டிக்கொண்டான். கயிறு விறைத்தது. முடிச்சு நின்றது. சரிவின் விளிம்பில் பொன்னன் தொங்கி நின்றான்.

எல்லோருமாக இழுத்து மேலே போட்டோம். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

பாக் உசேன் காலைப் பார்த்தார். அப்புறம் கிழக்கே பார்த்தார். "ஹூஜான்" என்றார். மழை. மலைக்குப் பின்னாலிருந்து கருப்பாக வந்துகொண்டிருந்தது. மழை விழுந்துவிட்டால் இந்தச் சரிவில் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. இராத்திரி இங்கேயே கிடக்க வேண்டியதுதான், உடைந்த காலோடு.

நான் மீராசாவைப் பார்த்தேன். பிறகு அந்தப் பாறையை. அதைச் சுற்றிப் போனால் கடல். கண் தெரிந்தவனுக்கு ஒரு தரம் வெற்றிலை மெல்லுகிற நேரம். இவனைப் பாக் உசேன் கைப்பிடித்து அடி அடியாகக் கூட்டிப் போக வேண்டும். அவர் இல்லாமல் நாங்கள் இறங்கவும் முடியாது.

"நீ போயிட்டு வா மச்சான். நான் இவன்கூட இருக்கேன். மழை வந்தா வரட்டும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

பொன்னனும் சொன்னான். "போய்ப் பாத்துட்டு வாங்க ராவுத்தரய்யா. எனக்கு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. மரத்துப் போச்சு."

மீராசா தடவித் தடவி அவன் பக்கத்தில் வந்தான். அவன் நெற்றியில் கை வைத்தான். கன்னத்தில், கழுத்தில்.

"ஜில்லுனு வேத்திருக்கு. பொய் சொல்றான்" என்றான். "தூக்குங்க."

"மச்சான்... இவ்வளவு தூரம் வந்து..."

"உன் வேட்டியை எடு. ஜரிகைப் பக்கத்தை உள்ளே மடிச்சுப் போடு. அது இவன் முதுகை அறுக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. சரிவின் ஓரத்தில் மூங்கில் ஒன்றை வெட்டி, என் எட்டு முழ வேட்டியைத் தூளியாகக் கட்டி, அதில் பொன்னனைப் படுக்க வைத்தோம். முடிச்செல்லாம் மீராசாதான் போட்டான், கண்ணை மூடிக்கொண்டே. சுமையாட்கள் தூக்கினார்கள், நானும் தோள் கொடுத்தேன். மீராசா இப்போது தூளி மூங்கிலின் பின் முனையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஒரு தடவைகூட மேலே திரும்பவில்லை. நான் திரும்பினேன். உச்சிக்கு மேல் வானம் அப்போதும் நீலமாகத்தான் இருந்தது.

சரிவைத் தாண்டி மரங்களுக்குள் வந்த பிறகுதான் மழை பிடித்தது. நாங்கள் இறங்கிய பாறை வழியே தண்ணீர் இடி மாதிரி இறங்கியது. பாக் உசேன் அதைத் திரும்பிப் பார்த்தார். மீராசாவின் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தார்.

அம்மியைப் படாங் பத்துவிலேயே விட்டுவிட்டோம். மலையில் முதலில் அம்மி வைத்தவன் யார் என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

பொன்னன் மூவார் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். காலைக் கட்டியிருக்கிறார்கள், நடப்பான் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் குழம்பில் உப்பில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறான், ஆகவே பிழைத்துக்கொண்டான்.

நான் பல மனிதர்களைப் பார்த்துவிட்டேன். உச்சிக்குப் போய்க் கொடி நட்டு, அதை ஊரெல்லாம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போயிருந்தால் நானும் சொல்லியிருப்பேன், தினம் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் தன் ஆசை முழுவதும் இருக்கிறது, நாளை அதைப் பார்க்கக் கண் இருக்குமா என்று தெரியாது, அப்போதும் ஒரு வண்டிக்காரன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன்... அப்படி ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். மலையை எவ்வளவு தூரம் ஏறினான் என்பதை வைத்து ஆளை அளக்கிறோம். எங்கே திரும்பினான் என்று யாராவது கேட்கிறோமா?

நேற்று கடைக்கு வந்தான். கதவில் இடித்தான். இப்போது இரண்டு தோளும் இடிக்கிறது.

"புதன்கிழமை மூவார் ஸ்டீமர் இருக்கு மச்சான்."

"மழைக்காலம்டா. தை பொறக்கட்டும், போவோம்."

"தை வரைக்கும் குழாய் தாங்காது."

"சரி, ஏறிட்டோம்னே வையி. மேல மேகமா இருந்தா?"

"இறங்கி வந்து, மறுபடி ஏற வேண்டியதுதான் லா."

என் கால் இரண்டும் நல்லெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. அதைக் காட்டினேன். குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, குழாய்க்குள் என் கால் அகப்படும்வரை தேடினான்.

"வீக்கம் ஒண்ணும் பெரிசாத் தெரியலையே" என்றான்.

அவன் பார்வைக்கு அப்படித்தான் தெரியும். புதன்கிழமைக்கு இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன்.