தபாலில் வந்த பாஸ்கெட்பால் சீசன்

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு டி.வி. கடை வாசலில் கூட்டம். கிரிக்கெட் ஹைலைட்ஸ். முந்தின நாளே முடிந்துபோன மேட்ச். முடிவு தெரியாத பத்துப் பேர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். "இதுல நாம தோத்துட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அவரைத் துரத்திக்கொண்டு ஓடாததுதான் பாக்கி.

எனக்கு மட்டும் கோபம் வரவில்லை. ஒரு நாள் தாமதமெல்லாம் ஒரு தாமதமா? ஒரு முழு சீசனை ஆறு வாரம் தாமதமாகப் பின்தொடர்ந்தவன் நான். அதுவும் மணிலாவில் நடந்த பாஸ்கெட்பால் சீசன். அதுவும்... தபாலில்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் ஏழு பேர் திருச்சியில் ஒரு சர்ச் மைதானத்தில் பாஸ்கெட்பால் ஆடினோம். 'ஆடினோம்' என்பது எங்கள் தரப்பு வாதம். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் வயது முப்பத்தைந்துக்கு மேல். நான் காட்டூரிலிருந்து வருவேன், ஆபீஸ் கிளார்க். சேவியர் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எண்பது கிலோ. ரங்கன் ஸ்ரீரங்கம் உத்தர வீதி; பாங்க் உத்தியோகம்; கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். உயரம் ஐந்தடி நாலு அங்குலம். "உனக்கு எதுக்குடா பாஸ்கெட்பால்?" என்று கேட்டால், "வாலிபால்ல சேத்துக்கலை" என்பான்.

ஆடத் தெரிந்த அந்த ஒருவர் பிரதர் நெஸ்தர். பிலிப்பைன்ஸ்காரர். துறவற சபை ஒன்றைச் சேர்ந்தவர். இரண்டு வருடப் படிப்புக்காகத் திருச்சிக்கு வந்திருந்தார். தமிழை இங்கேதான் கற்றுக்கொண்டார் என்பதால் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவார். பந்தைக்கூட "வாங்க, வாங்க" என்றுதான் கூப்பிடுவார். அதுவும் மரியாதையாக அவர் கைக்கே போகும்.

நெஸ்தருக்கு ரோமி என்று ஓர் அண்ணன். மணிலாவில் ஒரு டீமில் பாஸ்கெட்பால் ஆடுவதுதான் அவருக்கு வேலை.

"வேலையே அதானா? ஷிப்ட்டு கிப்ட்டு கிடையாதா?" என்று சேவியர் பெருமூச்சு விட்டான்.

அந்த ஊரில் டீம்களுக்கு ஊர்ப் பெயர் கிடையாதாம். கம்பெனிப் பெயர்தான். நேற்று பெயிண்ட், பீரைத் தோற்கடித்தது என்று பேப்பரில் போடுவார்களாம். வருடத்துக்கு மூன்று கோப்பை. டீமுக்கு ஒருவர் என்று அமெரிக்காவிலிருந்து ஆறரை அடி ஆளை வரவழைத்துக்கொள்ளலாம். அவருக்குப் பெயர் 'இம்போர்ட்'. ஏதோ சிங்கப்பூர் டேப்ரிக்கார்டர் மாதிரி.

நெஸ்தரின் அக்கா மணிலா இங்கிலீஷ் பேப்பரின் விளையாட்டுப் பக்கங்களைக் கத்தரித்து, கவரில் போட்டு அனுப்புவார். திருச்சிக்கு வர ஆறு வாரம். கவர் வந்தாலும் நெஸ்தர் பிரிக்கமாட்டார். சனிக்கிழமை மைதானத்துக்குக் கொண்டுவருவார். ரங்கன்தான் பிரித்து, உரக்கப் படிப்பான். கோஷ்டியில் வளர்ந்த குரல். "கடைசி இரண்டு நிமிஷத்தில் ரோமி தொலைவிலிருந்து எறிந்த பந்து..." என்று அவன் இழுத்து நிறுத்தினால், எங்களுக்கு மூச்சு வராது. ஆறு வாரத்துக்கு முன்னால் விழுந்த பந்துக்காக ஏழு குடும்பஸ்தர்கள்... மன்னிக்கவும், ஆறு குடும்பஸ்தர்களும் ஒரு துறவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

முதல் கோப்பையில் வரிசையாகத் தோல்வி. இரண்டாவதில் 'இம்போர்ட்' கோச்சோடு சண்டை போட்டுக்கொண்டு பாதியில் ஊருக்குப் போய்விட்டார். ரங்கனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பாங்க்ல ஏதாவது பிரச்னையாண்ணா?" என்று அவன் மனைவி என்னிடம் கேட்டார்.

ஒருமுறை கவர்கள் முன்பின்னாக வந்துவிட்டன. அரையிறுதியில் தோற்ற செய்தி முதலில் வந்தது. கால் இறுதியில் ஜெயித்த செய்தி இரண்டு வாரம் கழித்து வந்தது. ரங்கன் அந்த வெற்றிக்கு எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தான். "அதான் வெளியே போயாச்சேடா" என்றேன். "அது அப்புறம். இது இப்போ" என்றான்.

அடுத்து வந்த கவரில் பளபளவென்று ஒரு குரூப் போட்டோ. கம்பெனி விளம்பரம். நடுவில் ரோமி. பின்னால் ஒரு பெரிய போர்டு. அதில் சமையல்காரத் தொப்பி போட்ட ஒரு பன்றி.

சேவியர்தான் ஆரம்பித்தான்.

"ரங்கா, பன்னி சிரிக்குதுடா."

"பிரதர், இந்தக் கம்பெனில என்ன பண்றா? பிஸ்கட்டுன்னா நெனச்சிண்டிருந்தேன்" என்றான் ரங்கன்.

"டின்ல இறைச்சி போடுவாங்க. ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார் நெஸ்தர், வெள்ளை மனதோடு.

ரங்கன் இரண்டு சனிக்கிழமை வரவில்லை. ரங்கன் இல்லாமல் கவரைப் பிரிக்க நெஸ்தர் சம்மதிக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை அவனே வந்தான். "எனக்கு டீம்தான் முக்கியம். அவா என்ன விக்கறான்னு நேக்குத் தெரிய வேண்டாம்" என்றான். அதற்குப் பிறகு கம்பெனிப் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் 'நம்மவா' என்று மாற்றிப் படித்தான். செய்தி இன்னும் நன்றாகவே இருந்தது.

மூன்றாவது கோப்பையில் நம்மவர்கள் விழித்துக்கொண்டார்கள். பெயிண்ட் போச்சு. சோப்பு போச்சு. ரோமிக்கு முப்பத்து மூன்று வயது, முழங்காலில் வலி. ஆனாலும் தினமும் பேப்பரில் பெயர். இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள்.

அதோடு கவர் நின்றுவிட்டது.

ஒரு வாரம், இரண்டு வாரம்... ஐந்து வாரம். ரங்கன் தினமும் பாங்கிலிருந்து நெஸ்தர் தங்கியிருந்த இடத்துக்கு போன் போட்டான். "வெளிநாட்டுக்கு ஒரு கால் புக் பண்ணிப் பேசிடலாமே பிரதர்" என்று நான் சொன்னேன். நெஸ்தர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பேசினா தெரிஞ்சிடுங்க" என்றார்.

ஆறாவது வாரம் வந்தது கடிதம். வெட்டிய பேப்பர் எதுவும் இல்லை. அக்கா தங்கள் பாஷையில் எழுதியிருந்தார். அதனால் நெஸ்தரே படிக்க வேண்டியிருந்தது. படித்து முடித்தவர் ரிங் கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

"அண்ணன் டீம்ல இல்லைங்க."

"என்ன சொல்றீங்க பிரதர்?"

"ஃபைனலுக்கு முன்னாடி எடுத்துட்டாங்க. சின்ன வயசு ஆளு ஒருத்தர் வந்துட்டாங்க. பேப்பர் அனுப்ப வேண்டாம்னு அண்ணன்தான் அக்காகிட்ட சொன்னாங்களாம்."

"அப்போ ஃபைனல்?" என்று சேவியர் மெதுவாகக் கேட்டான்.

"ஜெயிச்சுட்டாங்க."

வருடம் முழுக்கக் காத்திருந்த செய்தி. யாரும் கை தட்டவில்லை. நெஸ்தர் பந்தை எடுத்துக்கொண்டு போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தனியாக ரிங்கில் போட ஆரம்பித்தார். அன்று ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை.

ரங்கன் என் பக்கம் திரும்பினான். "பேனா இருக்கா?"

அங்கேயே கல் பெஞ்சில் உட்கார்ந்து கம்பெனிக்கு எழுதினான். பாங்க் இங்கிலீஷ். 'கீழே கையொப்பமிட்டுள்ள திருச்சிராப்பள்ளி ரசிகர்களாகிய நாங்கள் மிகுந்த மனவருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்...' சீசன் முழுக்க ரோமி எந்த மேட்சில் எத்தனை புள்ளி எடுத்தார் என்பது அவனுக்கு மனப்பாடம். ஒன்று விடாமல் எழுதினான்.

"வேண்டாங்க. அண்ணனுக்கு வெக்கமா இருக்குங்க" என்றார் நெஸ்தர்.

"வெக்கப்பட வேண்டியது அவா. ஒங்கண்ணா இல்லை" என்றான் ரங்கன்.

ஏழாவது கையெழுத்து அவருடையது.

பதில் வருமென்று யாரும் நினைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து உத்தர வீதிக்கு ஒரு பார்சல் வந்தது. கஸ்டம்ஸில் பிரித்து, மறுபடி கட்டியது. ரங்கன் குளித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாராம்.

"மணிலாலேர்ந்து என்னமோ வந்திருக்குடா. படத்துல வராகர் சிரிச்சுண்டிருக்கார்" என்றாராம்.

உள்ளே, அன்பான ரசிகர்களுக்கு நன்றி தெரிவித்து கம்பெனி அனுப்பிய ஆறு டின். ரங்கன் ஈர வேட்டியோடு பார்சலைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறி, சேவியர் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் மறுபடி குளித்தான்.

டின்களுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. அது ரோமி இங்கிலீஷில் எழுதியது.

சனிக்கிழமை ரங்கன் படித்தான். இந்தத் தடவை இழுக்கவில்லை, நிறுத்தவில்லை. எங்கள் கடிதத்தை கம்பெனி ஆபீஸில் யாரோ ரோமியைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவரால் எங்கள் ஊரின் பெயரைப் படிக்க முடியவில்லையாம். தம்பியின் கையெழுத்து மட்டும் அடையாளம் தெரிந்ததாம். இப்போது ஒரு ஸ்கூலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். ஃபைனலுக்கு டிக்கெட் எடுத்து, மேலே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். 'பதினோரு வருடம் ஆடியிருக்கிறேன். ஒரு மேட்சை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நல்ல மேட்ச். கை தட்டினேன்' என்று எழுதியிருந்தார்.

நெஸ்தர் கடிதத்தை வாங்கி மடித்து, சட்டைப் பையில் வைத்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, ஆடலாங்க" என்றார். எங்களைத்தான்.

நெஸ்தர் போன வருடம் ஊருக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் இன்னும் ஆடுகிறோம். வெளியே உட்கார்ந்து, அடுத்தவன் ஆடுவதைப் பார்த்துக் கை தட்ட எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று இப்போதெல்லாம் அடிக்கடி யோசிக்கிறேன்.

நேற்று சேவியரிடம், "பத்து நிமிஷம் வெளில உட்காருப்பா" என்றேன்... அதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை.