மெயின் சுவிட்சை அணைத்தது நான்தான்

போன வாரம் கரண்ட் போனதில், கும்மிடிப்பூண்டியில் நான் ஸ்டோர் பார்க்கும் இரும்புக் கம்பி ஆலையின் சரக்குக் கணக்கு முழுக்கக் கணினியில் பாழானது. கம்பிக் கட்டுகளை யார்டு வெயிலில் நின்று திரும்ப எண்ணியவன் நான். இடுப்பு இன்னும் என்னோடு பேசுவதில்லை.

கணக்கைச் சேமிக்கும் டேட்டாபேஸுக்கு அடியில் ஓடும் 'சி' மொழி நிரலைத் திருத்த வேப்பம்பட்டிலிருந்து ஷர்மிளா வந்தார். இன்று வேலையை முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, லாரி லோடு பதிவாகிக்கினு இருக்கு. இப்ப மெயின ஆஃப் பண்ணுங்க."

"இன்னாம்மா, திரும்பவும் என்னை வெயில்ல நிக்க வெக்கப் பாக்கறியா?"

"கரண்ட் எப்படியும் போவும்ணா. நான் இருக்கும்போதே போவட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு அணைத்தேன். திரும்பப் போட்டால் பழைய கணக்கு அத்தனையும் பத்திரமாக இருந்தது. பாதியில் நின்ற அந்த ஒரு லோடை மட்டும், இது அரைகுறை என்று நிரல் தானே கண்டுபிடித்துத் தள்ளி வைத்திருந்தது.

"எப்படிம்மா?"

"ஒவ்வொரு வரிக்கும், இந்த எடத்துல கரண்ட் போனா இன்னா ஆவும்னு கேட்டுக்கினே எழுதுவேன்ணா."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இப்படியும் ஒரு மூளை யோசிக்குமா?

ஆசை அடங்காமல் மறுபடி அணைத்தேன். கணக்கு அசையவில்லை. இன்னொரு முறை கை நீட்டியபோது ஷர்மிளா சுவிட்சை மறைத்து நின்றுகொண்டார். அதே லைனில் ஏசி ஓடும் மேனேஜரோ, "எவன்டா அது?" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

நீங்களே சொல்லுங்கள், இதைப் பார்த்த யாராவது ஒரு தடவையோடு நிறுத்துவார்களா?