சோழகங்கத்துக்குக் காசித் தண்ணீர்

ஐந்தாம் வகுப்பில் பழைய தலைநகரம் ஒன்றை அட்டையில் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். கல்கத்தா பாலிகஞ்ச் பள்ளியில் என்னோடு படித்த எல்லாரும் பாடலிபுத்திரம் செய்தார்கள். எனக்கு ரோஷம். நாங்கள் ஜெயங்கொண்டத்துக்காரர்கள், பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்க, நான் ஏன் பாட்னாவுக்குப் போக வேண்டும்?

துறைமுக ஆபீசிலிருந்து வந்ததும் அப்பா கோடு போட்டுக் காட்டினார். கொள்ளிடத்துக்கு வடக்கே மேட்டு நிலம். வெள்ளம் ஏறாது, ஆனால் தண்ணீருக்குத் திண்டாட்டம். அதனால் ராஜா சோழகங்கம் என்று பெரிய ஏரி வெட்டினார். தன் தகப்பனார் தஞ்சாவூரில் கட்டிய கோயிலைப் பார்த்தே தானும் கட்டி, உயரத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்.

"அப்பாவை மிஞ்ச வேணாம்னு நெனச்சிருப்பாரும்மா."

வடக்கே போன படை கங்கையைக் குடங்களில் கொண்டுவந்து அந்த ஏரியில் ஊற்றியதாம். என் ஏரி ஒரு பிஸ்கட் டப்பா மூடி. அதற்கும் கங்கை வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை படித்துறைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன அப்பாவால் போக முடியவில்லை. தாத்தாவுக்கு மூச்சுத்திணறல் அதிகமாகிவிட்டது.

தாத்தா ஊரிலிருந்து எங்களிடம் வந்தபோது கையோடு ஒரு செப்புச் சொம்பைக் கொண்டுவந்திருந்தார். இளவயதில் காசியில் வாங்கியது; வாயில் ஈயம் வைத்து அடைத்த கங்கை. "என் கடைசி வாய்க்கு இதத்தான்டா ஊத்தணும்" என்று அப்பாவிடம் நாளுக்கு நாலு தடவை சொல்வார். இங்கேயும் கங்கைதானே ஓடுகிறது என்றால், "அது உங்க கல்கத்தா கங்கை" என்பார்.

பூஜை அலமாரியிலிருந்து சொம்பை எடுத்தேன். ஸ்குரூடிரைவரால் ஈயத்தை நெம்பி எடுப்பதற்குள் கை சிவந்துவிட்டது. தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, சொம்பில் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். மெழுகுவர்த்தியை உருக்கி வாயை அடைத்து, மேலே பென்சில் கரியைப் பூசினேன்.

பள்ளியில் மிஸ், "காசியோட கங்காஜலா?" என்று கேட்டு ஏரியில் விரலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். முதல் பரிசு எனக்கு.

நாலாம் நாள் காலை தாத்தாவுக்கு மூச்சு இழுத்தது.

"சொம்ப எடுத்துட்டு வாம்மா" என்றார் அப்பா.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, நகத்தால் சுரண்டித் திறந்தார். நகத்தில் ஒட்டியதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு வந்து மூன்று கரண்டி ஊற்றினார். "காசித் தண்ணிதான்ப்பா" என்று தாத்தாவின் காதில் உரக்கச் சொன்னார். தாத்தா நிம்மதியாக விழுங்கினார்.

எல்லாரையும்விட நான்தான் அதிகம் அழுதேன். நான் காக்கிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிச் சித்தி, தாத்தா மேல் எத்தனை பாசம் என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

கல்கத்தாக் குழாயில் வருவதும் கங்கைதான் என்று பின்னாளில் சிலர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். தாத்தா கேட்டது அதையல்ல. அப்பாவையும் சேர்த்து ஏமாற்றிவிட்டதாகத்தான் பல வருஷம் குமைந்தேன். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஈயத்தை நகத்தால் சுரண்ட முடியாது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.