மிச்ச மருந்து

"ஹேவிங் ஃபினிஷ்டு ஹெர் வொர்க், ஷி கேம் ஹோம்." வேலையை முடித்தாள், வீட்டுக்கு வந்தாள் என்ற இரண்டு ஆங்கில வாக்கியங்களை இப்படி ஒன்றாக்கிவிட்டு, சரியா என்று மகள் கேட்டாள். நான் பதில் சொல்லுமுன் மனம் நான் வளர்ந்த தாயில்பட்டிக்குப் போய்விட்டது.

ஒன்பதாம் வகுப்பு, தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை. இதே பயிற்சியை நானும் என்னுடன் படித்த செல்வியும் அவள் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். தெருவெல்லாம் காகிதக் குழாய் ஒட்டும் பசையின் புளித்த வாடை. பட்டாசு ஆலையிலிருந்து திரும்பிய அவள் அம்மா, கையில் ஒட்டிய அலுமினிய வெள்ளிப்பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் ஆலையின் போர்மேன் வந்து நின்றார்.

"யக்கா, கலந்த மருந்து மிச்சம் கெடக்கு. மழை வேற வருது. அடைச்சு முடிச்சிருவோம், வாங்க."

கலந்த வெடிமருந்து ஈரம்பட்டு இரவெல்லாம் கிடந்தால் தானே சூடேறி வெடிக்கும். அதனால் மிச்சம் வைக்கமாட்டார்கள்; அவசரமாகக் குழாய்களில் அடைத்து முடிப்பார்கள்.

"அங்கன வேற ஆளே இல்லையாம்மா?" என்றாள் செல்வி.

"நான்தான கம்பெனிக்கு மகாராணி! ஏட்டி, நீ இங்கிலீசைப் படி. இந்த மருந்து நாத்தம் என்னோட போகட்டும்."

அவர் போர்மேனோடு கிளம்பிப் போனார். பயிற்சி முடிவதற்குள் வெடிச் சத்தம் கேட்டது. புகை எந்தத் திசையில் என்று பார்க்கத் தெருவே ஓடியது. செல்வி எழுந்திருக்கவில்லை. "அம்மா வந்து நோட்டைக் கேக்கும்" என்று எழுதிக்கொண்டே இருந்தாள்.

அம்மா வரவில்லை. பொங்கலுக்குள், வெடித்துச் சிதறிய அந்த மருந்து அறையைத் திரும்பக் கட்டினார்கள். தாயின் இடத்தை மகளுக்கே கொடுத்தார்கள். எங்கள் தெரு அதைப் பெரிய உதவி என்றது. இந்த சீசனிலும் செல்வி அங்கேதான் மருந்து அடைக்கிறாள்.