ஆறாம் நாளே கிளம்பிய கிரிவலம்

என் கணவருக்கு மூக்கில் சதை வளர்ந்து, சைனஸ் அடைத்து, வாசனையே தெரியாமல் போயிருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் இருவரும் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டேன். முடிந்தது. "ரெண்டு வாரம் புகை, தூசு ஆகாது. ஜாஸ்தி நடக்காதீங்க. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க" என்றார் டாக்டர்.

ஆறாம் நாளே பௌர்ணமி. "அடுத்த மாசம் போலாமே" என்றார் கணவர்.

"சாமிகிட்ட சொன்னதைத் தள்ளிப்போடக் கூடாதுங்க" என்று நான்தான் பிடிவாதமாக அழைத்துப் போனேன். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் கற்பூரப் புகை. நாலாவதைத் தாண்டியதும் அவருக்குத் தும்மல் வந்தது. சுற்றிலும் ஜனங்கள் இருக்கிறார்களே என்று கூச்சப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டு தும்மினார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது. பாதையில் நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றி, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம்.

ரத்தத்தை நிறுத்திய பிறகு, "யாருங்க உங்களை நடக்கச் சொன்னது?" என்று டாக்டர் கத்தினார்.

"நானாத்தான் போனேன் சார். இவ வேணாம்னுதான் சொன்னா" என்றார் என் கணவர், மூக்கில் பஞ்சோடு.

இப்போதெல்லாம் எதை வேண்டினாலும், "டாக்டர் சரின்னு சொன்னப்புறம் வர்றோம் சாமி" என்று சேர்த்தே வேண்டுகிறேன். அவருக்கு வாசனை திரும்பிவிட்டது. அந்த டாக்டரிடம் உண்மையைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.