கேஸ்கேட் அழித்த புள்ளி

டேட்டாபேஸைத் தொடப் பயப்படுகிறவர்களுக்கென்று ஒரு லைப்ரரி உண்டு. ஓ.ஆர்.எம். என்பார்கள். புரோகிராமில் ‘இவரைச் சேர், அவரை நீக்கு’ என்று எழுதினால் போதும், டேபிளில் செய்யவேண்டியதை அதுவே செய்துகொள்ளும். நோகாமல் நுங்கு தின்ன நினைப்பவர்களுக்குத் தோதான சாமான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் எனக்கு வருகிற பாதி வேலை, இந்த மகானுபாவர்கள் உடைத்துப் போட்டதை ஒட்டவைப்பதுதான்.

திருமயம் பக்கத்துக் கோயில் ஒன்றின் புள்ளிப் பட்டியலை ஒரு சென்னைக்காரர் அப்படித்தான் செய்துகொடுத்திருந்தார். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால், பட்டியலைப் பார்த்துத்தான் கோயில் மாலை கொடுப்பார்கள். மாலை வராமல் தாலி ஏறாது.

ஒருநாள் காலையில் கோயில் காரியக்காரர் ஓர் ஆச்சியோடு கடைக்கு வந்தார். மறுநாள் ஆச்சி மகனுக்குக் கல்யாணம். பட்டியலில் அந்த வீடே இல்லையாம். காரியக்காரர் அந்த வீட்டில் எத்தனையோ முறை கை நனைத்தவர். ஆனாலும், “சிஸ்டத்துல இல்லைங்களே, நான் என்ன செய்ய?” என்றார். இவருக்கெல்லாம் கண் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சென்னைக்காரருக்குப் போன் போட்டேன். நாங்கள்தான் தப்பாக ஏற்றியிருப்போமாம், லைப்ரரியில் தப்பே வராதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் எழுதியதைத் திறந்தேன். புருஷன் பெயருக்கு ஒரு வரிசை. மனைவியும் பிள்ளைகளும் அதில் தொங்குகிறார்கள். பக்கத்தில் ‘கேஸ்கேட்’ என்று ஒரே சொல். மேலே உள்ளவரை நீக்கினால், தொங்குகிறவர்களையும் கேட்காமல் நீக்கிவிடு என்று அர்த்தம். போன வருஷம் ஆச்சியின் வீட்டுக்காரர் இறந்ததும் காரியக்காரர் அவர் பெயரை நீக்கியிருக்கிறார். குடும்பமே போய்விட்டது. இப்படி இன்னும் பதினோரு ஆச்சிகள் காணாமல் போயிருந்தார்கள். ஊரில் ஒருவரும் தேடவில்லை. தூ, இதுவும் ஒரு பட்டியலா!

பழைய பேக்கப்பிலிருந்து எல்லாரையும் திரும்ப ஏற்றினேன். இறந்தவரை அழிக்காமல் இறந்த தேதியைக் குறிக்கும்படி மாற்றி, மனைவி பெயருக்குத் தனி வரிசை கொடுத்தேன். கேஸ்கேட்டைத் தூக்கி எறிந்தேன். மத்தியானத்துக்குள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாயிற்று.

காரியக்காரர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆச்சியின் தாலியில்லாத கழுத்தைப் பார்த்தபடி, “மால வாங்கப் பங்காளி வீட்டுல ஆம்பள யாரையாச்சும் அனுப்பிருங்க ஆச்சி” என்றார். எனக்கு ஒரு வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. அதற்குள் ஆச்சி எழுந்துவிட்டார்.

“நாந்தான் வருவேன். எம்பேரு இருக்கான்னு ஒங்க பட்டியலப் பாத்துக்கங்க.”

காரியக்காரர் காகிதத்தை எடுத்து மறுபடி விரித்தார். சிஸ்டத்தில் இருந்தது.